பருவத்தை எழுப்பும் மருந்து

"டாக்டர் ஐயா, ஓர் ஊசி போட்டுவிடுங்கள்; நான் கேட்பது அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரியவர் என் கால்நடை மருத்துவமனையின் படியேறி வந்தார். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த காலை நேரம். அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் நீண்ட கால்களும் ஒட்டிய வயிறும் கூரிய முகமுமாகச் சிப்பிப்பாறை இனத்துப் பெட்டை நாய் ஒன்று நின்றது. நிறத்தை வைத்து அதற்குச் செவலை என்று பெயரிட்டிருந்தார்கள். பெரியவருடன், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் அவருடைய பேத்தியும் வந்திருந்தாள்.

செவலைக்கு ஆறு வயது. சென்ற ஆவணியில் பருவத்துக்கு வந்தது. பதினொரு மாதம் ஆகியும் மறுபடி வரவில்லை. இதுதான் பெரியவரின் குறை. அவருடைய அவசரத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. குட்டி வேண்டுமென்று இரண்டு பேர் முன்பணம் கொடுத்திருந்தார்கள் என்பது ஒன்று. அதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொன்னார். மற்றதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வளர்த்து வந்த வழியில் எஞ்சியிருந்த ஆண் நாய் ஒன்றே ஒன்று. அது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தது. அதற்கு வயது பத்து. "அது கண்ணை மூடுவதற்குள் இவளுக்குக் குட்டி பிறந்தாக வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன வழி என்னோடு முடிந்துவிடும்" என்றார்.

இது வானொலியில் பேசுவதற்கு உரிய பொருள்தானா என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். உரிய பொருள் என்றே நான் எண்ணுகிறேன். பெரியவர் கேட்ட ஊசி உண்டு; மாத்திரையும் உண்டு. ஆனால் அவற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு, ஓர் உயிரின் உடம்புக்குள் காலம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் செய்த ஒரு பிழையும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

முதலில் பசுவை நினைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சினையாகாத பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. இன்று தவறினால் மூன்று வாரத்தில் மறுபடி ஒரு வாய்ப்புண்டு. நாயின் கணக்கு வேறு. பெட்டை நாய் சராசரியாக ஏழு மாதத்துக்கு ஒருமுறை பருவம் கொள்கிறது. ஐந்து மாதத்திலேயே வருவதும் உண்டு, பத்துப் பதினொரு மாதம் செல்வதும் உண்டு, இரண்டும் நோயல்ல. ஆப்பிரிக்காவின் பசெஞ்சி என்னும் நாய் ஆண்டுக்கு ஒரே முறைதான் பருவம் கொள்ளும். ஆகவே, 'என் நாய் இன்னும் வரவில்லை' என்று ஒருவர் சொன்னால், எந்தக் கணக்கின்படி வரவில்லை என்பதே மருத்துவன் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

பருவம் தொடங்கும்போது உறுப்பு சற்று வீங்கி, இரத்தம் கலந்த கசிவு காண்கிறது. ஏறத்தாழ ஒன்பது நாள் இந்த நிலை. ஆண் நாய்கள் சுற்றி வரும், பெட்டை அண்டவிடாது. பிறகு வரும் ஏறத்தாழ ஒன்பது நாள், பெட்டை இணையை ஏற்கும் காலம். முட்டைகள் வெளியேறுவது இந்தக் காலத்தில்தான். நாய்க்கு ஒரு விசித்திரம் உண்டு. வெளியேறும் முட்டை முற்றியதன்று. கருக்கொள்ளும் தகுதி பெற அதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். இயற்கை அதற்கு ஈடாக, ஆண் நாயின் உயிரணுக்கள் பெட்டையின் உடலுக்குள் ஒரு வாரம் வரையில்கூடக் காத்திருக்கும் ஆற்றலைக் கொடுத்திருக்கிறது.

அடுத்த இரண்டு மாதந்தான் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டிய காலம். முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறமான சிறு திரள் ஒன்று உருவாகி, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கருவைத் தாங்கிக் காப்பது அதன் வேலை. பசுவில், கரு உண்டாகாவிட்டால் சில வாரங்களில் இந்தத் திரள் கரைந்துபோகிறது. நாயில் அப்படியல்ல. கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் ஏறத்தாழ இரண்டு மாதம் அது சுரந்துகொண்டே இருக்கும். சினையில்லாத நாய்க்குக்கூட மடி பெருத்துப் பால் கட்டுவதும், அது துணியை இழுத்து வைத்துப் படுக்கை அமைப்பதும் இதன் விளைவுதான். 'பொய்ச் சினை' என்று இதைச் சொல்கிறோம்.

அதன் பிறகு ஓய்வு. நான்கு மாதமோ ஐந்து மாதமோ, சூலகம் உறங்குவதுபோல் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடப்பதாகத் தோன்றாது. ஆனால் கருப்பையின் உட்சுவர் பழைய படலத்தை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்வது இந்தக் காலத்தில்தான்; அந்தப் பணி முடிவதற்கு முட்டை வெளியேறிய நாளிலிருந்து நான்கு முதல் ஐந்து மாதம் ஆகிறது. தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்து, உழவன் சோம்பிவிட்டான் என்று வழிப்போக்கன் சொல்லலாம், உழவன் சொல்லமாட்டான்.

இந்தப் பருவநிலைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களை வகுத்தவர் வால்டர் ஹீப் என்னும் ஆங்கில அறிஞர். 1900-இல் அவர் எழுதிய கட்டுரையில் 'ஈஸ்ட்ரஸ்' என்ற சொல்லை எடுத்து ஆண்டார். பழைய கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் மாட்டு ஈ! ஈ கடித்த பசு வெறிகொண்டு ஓடுவதைப் பார்த்து அமைந்த உவமை. 'பருவம்' என்னும் நம் சொல் எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. அதில் வெறி இல்லை, காலம் இருக்கிறது.

ஹார்மோன் என்ற சொல்லுக்கும் நாய்க்கும் உறவு உண்டு என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். 1902-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயிடத்தில், குடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்தக் குடலுக்குள் சிறிது அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் தன் நீரைச் சுரந்தது. செய்தி நரம்பு வழியே போகவில்லை, இரத்தத்தின் வழியே போயிற்று என்பது அன்று விளங்கியது. இரத்தத்தில் செல்லும் அத்தகைய தூதுப் பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் இட்ட பெயர்தான் ஹார்மோன்.

அந்தத் தூதுப் பொருள்களை ஒவ்வொன்றாக அறிஞர்கள் பிரித்தெடுத்தார்கள். 1923-இல் ஆலன், டாய்சி என்னும் அமெரிக்கர் இருவர், சூலகத்தின் நுண்பைகளிலிருந்து எடுத்த நீரைச் செலுத்தினால், சூலகம் நீக்கப்பட்ட எலியும் சுண்டெலியும்கூடப் பருவ அடையாளங்களைக் காட்டுகின்றன என்று கண்டார்கள். ஈஸ்ட்ரோஜன் என்பது அதுதான். 1938-இல் டாட்ஸ் என்னும் ஆங்கிலேயரும் அவருடைய கூட்டாளிகளும் அதே வேலையைச் செய்யும் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் பொருளைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். விலை மலிவு, மாத்திரையாக விழுங்கலாம். பருவத்துக்கு வராத கால்நடைக்கு ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் வந்துவிடும் என்ற எண்ணம் பிறந்தது இப்படித்தான்.

எண்ணத்தில் உள்ள ஓட்டையைக் கவனித்தீர்களா? சூலகமே இல்லாத எலி பருவ அடையாளம் காட்டியது என்றால், அந்த அடையாளத்துக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்றுதானே பொருள்? வாசலில் மாவிலைத் தோரணமும் வாழை மரமும் கட்டிவிட்டால் உள்ளே கலியாணம் நடக்கிறது என்று ஆகிவிடுமா?

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்திருந்தும் தவறினேன். பணியில் சேர்ந்த புதிது. ஒரு பள்ளி ஆசிரியை தம்முடைய பொமரேனியன் நாயைக் கொண்டுவந்தார். எட்டு மாதமாகப் பருவம் காணவில்லை என்றார். 'ஏதாவது செய்யுங்கள் சார்' என்றார். ஏதாவது செய்வதுதான் மருத்துவம் என்று நினைக்கும் வயது எனக்கு. ஈஸ்ட்ரோஜன் ஊசி ஒன்று போட்டேன். மூன்றாம் நாள் உறுப்பு வீங்கியது; தெரு நாய்கள் வாசலில் கூடின; ஆசிரியை மகிழ்ந்து எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார். குட்டி உண்டாகவில்லை. இரண்டு வாரத்துக்குள் நாய் உணவைத் தள்ளிவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கலாயிற்று. பிறகு சீழ் வடிந்தது. கருப்பை முழுவதும் சீழ் கட்டியிருந்தது.

என்ன நடந்திருந்தது? ஊசி போடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அந்த நாய் பருவத்துக்கு வந்து போயிருக்கிறது. உடம்பு முழுவதும் முடி அடர்ந்த நாய். தன்னைத் தானே நக்கித் துப்புரவாக வைத்துக்கொள்ளும். பகலெல்லாம் பள்ளியில் இருக்கும் ஆசிரியையின் கண்ணில் ஒரு துளியும் படவில்லை. நான் ஊசி போட்ட அன்று அதன் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் நிறைந்திருந்தது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையை அந்தப் புரோஜெஸ்டிரோனுக்கு இன்னும் இணங்கச் செய்யும். கருப்பையின் வாயையும் திறந்துவிடும். திறந்த வாய் வழியே கிருமி புகுந்தால், புரோஜெஸ்டிரோன் ஆளும் கருப்பைக்கு அதை எதிர்த்துத் தள்ளும் வலிமை குறைவு. அறுவை செய்து கருப்பையையும் சூலகங்களையும் எடுத்தோம். நாய் பிழைத்தது. "குட்டி இல்லாவிட்டால் போகிறது சார், இதை மீட்டுக் கொடுத்தீர்களே" என்றார் அந்த அம்மையார். அவர் சொன்ன நன்றிக்கு நான் உரியவன் அல்லன் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லும் துணிவு அன்று வரவில்லை. ஓர் ஆண்டு கழித்துத்தான் சொன்னேன்.

அதிகமாகப் போனால் ஈஸ்ட்ரோஜன் நாயின் எலும்பு மச்சையையே கெடுத்து, இரத்தம் ஊறாமற் செய்துவிடும். அந்தத் தீங்கு என் கையால் நேராமற் போனது நற்பேறு என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, அடையாளத்தை மட்டும் காட்டாமல், பருவத்தையே உண்மையாக எழுப்பும் வழி எது என்று பார்ப்போம். சூலகம் தானாக விழிப்பதில்லை. மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி ஒரு தூதுப் பொருளை அனுப்புகிறது. அது அருகிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி வேறு இரண்டு தூதுகளைச் சூலகத்துக்கு அனுப்புகிறது. அவற்றால் நுண்பைகள் வளர்கின்றன. ஹைப்போதலாமஸ் அனுப்பும் அந்த முதல் தூதின் அமைப்பைக் காண்பதற்கு, அமெரிக்காவில் ஷாலியின் குழுவினர் லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைப் பகுதிகளைச் சேர்த்து அரைக்க வேண்டியிருந்தது. கிடைத்ததோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. போட்டியாக உழைத்த கீய்மான் ஆடுகளின் மூளையை எடுத்துக்கொண்டார். 1971-இல் அமைப்புத் தெரிந்தது. 1977-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அந்தப் பரிசின் மற்றப் பாதியைப் பெற்றவர் ரோசலின் யாலோ என்னும் அம்மையார். இரத்தத்தில் அணுவளவே இருக்கும் ஹார்மோனை அளந்து காட்டும் முறையை வகுத்தவர் அவர். நாய் மருத்துவனாகிய நான் ஷாலிக்கும் கீய்மானுக்கும் கடமைப்பட்டவன்தான்; யாலோவுக்கு அதைவிட அதிகமாகக் கடமைப்பட்டவன்.

அந்த முதல் தூது தொடர்ந்து ஒழுகுவதில்லை. விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக வருகிறது. 1978-இல் குரங்குகளிடத்தில் செய்த சோதனையில், இதை இடைவிடாமல் செலுத்தினால் பிட்யூட்டரி செவிடாகிவிடுகிறது, மணிக்கொருமுறை செலுத்தினால் விழித்துக்கொள்கிறது என்று நோபிலும் அவருடைய துணைவர்களும் காட்டினார்கள். யாரேனும் கதவை இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார் அல்லவா? 1980-களில் சில ஆராய்ச்சியாளர்கள் நாய்க்கு ஒரு சட்டை தைத்துப் போட்டு, அதில் சிறு பம்பு ஒன்றைக் கட்டி, ஒன்றரை மணிக்கு ஒருமுறை மருந்து இரத்தத்தில் சேருமாறு செய்து பார்த்தார்கள். உறங்கிய சூலகம் விழித்தது, குட்டிகளும் பிறந்தன. ஆனால் வீட்டு நாய்க்குப் பம்பும் சட்டையும் நடக்கிற காரியமா? பின்னர் டெஸ்லோரலின் என்னும் மருந்தைச் சிறு குச்சியாக்கித் தோலுக்கடியில் வைக்கும் முறை வந்தது. வைத்த சில நாளில் பருவம் எழும். எழுந்தபின் குச்சியை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அதே மருந்து பிட்யூட்டரியைச் செவிடாக்கிப் பல மாதம் பருவத்தையே அடக்கிவிடும்.

இன்று நாங்கள் மிகுதியாகக் கையாளும் வழி, வேறொன்றைத் தேடியபோது அகப்பட்டது. பொய்ச் சினை கண்ட நாய்க்குப் பால் வற்றுவதற்காகச் சில மாத்திரைகள் உண்டு. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனை அவை குறைக்கின்றன. மூளையில் டோபமின் என்னும் பொருள் செய்யும் வேலையை அவை செய்கின்றன. இத்தகைய மாத்திரைகளில் ஒன்றான புரோமோகிரிப்டினை உண்ட நாய்கள் வழக்கத்துக்கு முன்பே அடுத்த பருவத்துக்கு வந்தன. 1985-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதை முறையாகச் சோதித்து வெளியிட்டார்கள். புரோமோகிரிப்டின் குமட்டலை உண்டாக்கும். அதனிடத்தில் பிறகு வந்த காபர்கோலின் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஓய்வுக் காலத்தின் பிற்பகுதியில் இருக்கும் நாய்க்கு இதை நாள்தோறும் கொடுத்து வந்தால், சில நாள் முதல் ஒரு மாதத்துக்குள் பருவம் தொடங்குவதே பெரும்பான்மை. ஈஸ்ட்ரோஜனைப் போல் இது தோரணம் கட்டுவதில்லை. உடம்பு தன் வழியிலேயே எழுகிறது. முட்டையும் வெளியேறுகிறது.

அளவைச் சொல்கிறேன், மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஐந்து மைக்ரோகிராம். பத்துக் கிலோ நாய்க்கு ஐம்பது மைக்ரோகிராம். மனிதர்களுக்காகக் கடையில் விற்கும் மாத்திரை ஒன்று அரை மில்லிகிராம்; அஃதாவது ஐந்நூறு மைக்ரோகிராம். முழு மாத்திரையைக் கொடுத்தால் பத்து நாளைய மருந்தை ஒரே நாளில் கொடுத்ததாகும். கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் கொடுத்துவிட்டு, 'வாந்தி நிற்கவில்லை' என்று ஓடி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாந்தி சிறிய தீங்கு. பெரிய தீங்கு ஒன்று உண்டு. சினை நாயின் மஞ்சள் திரளைப் பிற்பாதியில் தாங்கி நிற்பது அதே புரோலாக்டின்தான். அதைக் குறைத்தால் திரள் கரையும், கரு கலையும். பருவத்தை எழுப்ப நாம் கொடுக்கும் மாத்திரை, நாய் ஏற்கெனவே சினையாக இருந்தால், வயிற்றில் உள்ள குட்டிகளை அழித்துவிடும்! குட்டிக்காகக் கேட்கிற மருந்து குட்டியைக் கொல்லும் இந்த நிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியையின் நாய்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே பெரியவரிடம், "முதலில் கொஞ்சம் இரத்தம் எடுக்கிறேன்" என்றேன்.

"நோய் ஒன்றும் இல்லையே ஐயா, எதற்கு இரத்தம்?" என்றார். அவருக்குச் சோதனைச் செலவு ஒரு காரணம். நாள் கடத்துகிறேனோ என்ற ஐயம் மற்றொரு காரணம்.

நான் வேறு கேள்விகளைக் கேட்டேன். இதற்கு முன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்தது? பத்து மாதம், சில சமயம் பதினொன்று. சொறிக்கோ அரிப்புக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்ததுண்டா? இல்லை. அடிவயிற்றில் தழும்பு உண்டா? இந்தக் கேள்விக்குப் பேத்தி சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் கையாகப் பெற்று வளர்த்த ஒரு நாய் பருவத்துக்கே வரவில்லை என்று ஒருவர் ஊர் ஊராக அலைந்தார். முடியை மழித்துப் பார்த்தபோது கருத்தடை அறுவையின் தழும்பு தெரிந்தது! கடைசியாகக் கேட்டேன்: "சென்ற இரண்டு மூன்று மாதத்தில் நீங்கள் வீட்டில் இல்லாமல் இருந்த நாட்கள் உண்டா?"

பெரியவர் யோசித்தார். பேத்திதான் சொன்னாள்: "ஆனியில் தாத்தா மதுரையில் இருந்தாரே. கண்புரை அறுவை. அத்தை வீட்டிலேயே மூன்று வாரம்."

சோதனைச் சாலையிலிருந்து தாள் வந்தது. மில்லிலிட்டர் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் 14 நானோகிராம். ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கும். செவலை பருவம் தவறவே இல்லை. தன் கணக்குப்படி பத்து மாதத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. பார்க்க வேண்டிய கண் அப்போது மதுரையில் கட்டுப் போட்டிருந்தது.

ஆனால் அந்த எண் இன்னொரு கேள்வியை எழுப்பிற்று. நாயில் சினைக்கும் சினையின்மைக்கும் புரோஜெஸ்டிரோன் ஒன்றுபோலவே இருக்கும் என்றேன் அல்லவா? தோட்டத்தில் அவிழ்த்துவிட்டிருந்த நாய், வேலியும் பெயரளவுக்குத்தான். வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தோம். திரையைப் பெரியவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி இல்லை. இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

"அப்படியானால் அடுத்த பருவம் சித்திரையில்தானா?" என்றார். பத்து வயது ஆண் நாயை நினைத்து அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. வழக்கமாக நான், காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வெறும் முன்பணம் மட்டும் காரணமாக இருந்தால் அன்றும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நாட்காட்டியைப் பார்த்து வியாபாரத்துக்காக ஒரு நாயை ஈற்றின்மேல் ஈற்றாக எழுப்புகிறவர்களுக்கு நான் இந்த மருந்தை எழுதிக் கொடுப்பதில்லை. 18 மாதம் நிறையாத பெட்டையை இனப்பெருக்கத்துக்கு விடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. அந்த வயதைப் பொய் சொல்லி மருந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். செவலையின் கதை வேறு. கருப்பை புதுப்பித்து முடியும் வரையில் பொறுப்பது, அதற்குப் பின் எழுப்புவது என்று தீர்மானித்தோம். "மார்கழியில் வாருங்கள்" என்றேன்.

இடைப்பட்ட காலத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். செவலை படுக்கும் இடத்தில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, நாள்தோறும் காலையில் பார்த்துவிட்டுக் குறித்து வைக்க வேண்டும். இதைவிட மலிவான கருவி எங்கள் தொழிலில் இல்லை. பேத்தி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். தேதி, உணவு, வேட்டியில் கறை உண்டா இல்லையா என்று மூன்று பத்திகள். ஐந்து மாதம் 'இல்லை', 'இல்லை' என்றே எழுதியிருக்கிறாள். ஒன்றும் நிகழாததை அத்தனை நாள் விடாமல் குறிப்பது எளிதன்று. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மாணவர்களுக்கு அது தெரியும்.

மார்கழிக் கடைசியில் மறுபடி இரத்தம் எடுத்தோம். புரோஜெஸ்டிரோன் ஒன்றுக்கும் கீழே. இருதயம், இரத்தம், கருப்பை எல்லாம் சரி. மருந்தைத் தொடங்கினோம். இந்தப் பயனுக்கு என்று அந்த மருந்தின் உறையில் எழுதியிருக்காது என்பதையும் பெரியவரிடம் சொல்லி, அவர் சம்மதம் பெற்றேன். முதல் இரண்டு நாள் செவலை வாந்தி எடுத்தது. உணவோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன், நின்றது. ஒரு வாரம் ஆயிற்று, ஒன்றுமில்லை. இரண்டு வாரம், ஒன்றுமில்லை. பெரியவர் தொலைபேசியில் பேசும்போது மருந்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் மனம் சோர்ந்துவிட்டதன் அடையாளம் அது.

பதினேழாம் நாள் காலை, வேட்டியில் மிளகளவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

அதன் பிறகு மருந்தை நிறுத்தினோம். 'பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள்' என்று கைவிரலில் எண்ணி ஆண் நாயிடம் கொண்டுபோவது பழைய வழக்கம். அது பாதிப் பேருக்குப் பொய்க்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தம் பார்த்து, புரோஜெஸ்டிரோன் ஐந்தைத் தொட்ட நாளை முட்டை வெளியேறும் நாளாகக் கொண்டு, இரண்டு நாள் கழித்துப் பயணம் வைத்தார்கள். முட்டை வெளியேறியதிலிருந்து 63-ஆம் நாள் என்று நான் குறித்துக் கொடுத்த தேதிக்கு முந்திய இரவே செவலை ஈன்றது. ஐந்து குட்டிகள். ஒன்று தங்கவில்லை. முன்பணம் கொடுத்த இருவருக்கு இரண்டு ஆண்குட்டிகளைக் கொடுத்துவிட்டு, ஓர் ஆணையும் ஒரு பெட்டையையும் பெரியவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். தகப்பன் நாய் அந்த ஆவணியில் இறந்தது.

அடுத்த பருவத்துக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. மருந்தால் எழுப்பிய உடம்பு தன் பழைய கணக்குக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு இருந்த ஆசை. பேத்தி கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள்; நோட்டுப் புத்தகம் தாத்தாவின் கைக்கு வந்திருந்தது. கார்த்திகை போயிற்று. மார்கழி பிறந்தது. ஒருநாள் விடியற்காலையில் தொலைபேசி மணி அடித்தது. பெரியவர் தேதியை மட்டும் சொன்னார். பத்து மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தன.

"இந்தத் தடவை ஒன்றும் வேண்டாம் ஐயா. ஓய்வெடுக்கட்டும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கூப்பிட்டேன்" என்றார்.

எழுதி வைத்துக்கொண்டேன்.